பாசிக் கோடு வரை தண்ணீர்

என் பெயர் வெர்னா ஸ்டிரிக்லன்ட். வயது ஐம்பத்து மூன்று. ஃபுளோரிடா மாநிலம், டெலோகா, பழைய மர ஆலைச் சாலையில் குடியிருந்து வருகிறேன். ஈரநிலங்களையும் பைன் சமவெளிகளையும் பார்த்து, அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று மதிப்பெண் போடுவது என் தொழில். சாயர் காட்டுக்குத் தீ வைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதை விசாரிக்கும் நேரமாவது மிச்சமாகட்டும்.

மேற்படி காட்டையும் அதன் நடுவில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் குட்டையையும் வீட்டுமனை போடும் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறது. கவுண்டி நிர்வாகம் அனுப்பி வசந்த காலத்தில் அதை மதிப்பிடப் போனேன். பைன் சமவெளி சில வருடங்களுக்கு ஒருமுறை எரிந்தால்தான் பிழைக்கும். இது பல வருடங்களாக எரியவில்லை. புதர் ஆள் உயரம் நின்றது. தீ பட்ட பிறகே பூக்கும் கம்பிப்புல் ஒன்றுகூடப் பூக்கவில்லை. பொய் மதிப்பெண் போட எனக்கு வராது என்பதால் குறைவாகவே போட்டேன். மதிப்பெண் குறைந்தால் குட்டையை மண் கொட்டி மூடலாம் என்பது விதி. இலையுதிர் காலத்தில் மறுமதிப்பீடு இருந்தது. கோடைத் தொடக்கத்தில் எரித்தால் அதற்குள் புல் பூத்துவிடும். கம்பெனி எரிக்க மறுத்துவிட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, பித்துப் பிடித்தவள் போல இருந்தேன்.

அதன் பின் என் தம்பி ஹாய்ட்டை அழைத்துக்கொண்டு காட்டின் ஓரத்துக்குப் போனேன். பண்ணைகளுக்கு உரிமத்தோடு தீ வைத்துக் கொடுப்பவன் அவன். வர மாட்டேன் என்றவனைத் திட்டித்தான் கூட்டிப் போனேன்.

"குட்டையில தண்ணி இருக்கான்னு பாத்தியாக்கா?" என்று கேட்டான்.

"மரத்துல பாசிக் கோடு முழங்கால் உசரத்துக்கு நிக்குது. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"கோடு நிக்கும்க்கா. தண்ணி நிக்குதா? உள்ள போயி காலை வச்சுப் பாரு."

"நீ மாட்டுக்குப் புல்லு பத்த வைக்கத்தான் லாயக்கு" என்றேன். அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதை மரத்திலுள்ள பாசியை வைத்தே நாங்கள் கணிப்போம். தண்ணீர் போன பிறகும் அந்தக் கோடு வெகுகாலம் அழியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வசந்தத்துக்குப் பிறகு குட்டையின் மறுபக்கம் கம்பெனி வாய்க்காலை ஆழமாக வெட்டித் தண்ணீரை வடித்திருந்ததைத்தான் நான் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. காற்று சரியாக இருந்தது. அனுமதி வாங்காமல் தீ வைத்தேன். பைன்களுக்கு அடியில் தீ அழகாக ஓடியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் போனபோது சமவெளியில் தீ அணைந்திருந்தது, குட்டையின் பக்கம் புகை மட்டும் நிற்கவில்லை. உள்ளே போனேன். செருப்பின் அடி சுட்டது. குட்டையின் அடியில் இலைதழை மக்கிச் சேர்ந்த மண், தண்ணீர் வடிந்து காய்ந்து, உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓர் இலைகூடக் கருகாத சைப்ரஸ் ஒன்று மெல்லச் சாய்ந்து விழுந்தது. வேர் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. விழுந்த மரத்தில் பாசிக் கோடு பச்சையாகவே இருந்தது. கரைக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். அதன் பின் ஹாய்ட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு இந்தக் காவல் நிலையத்தில் வந்து ஆஜரானேன்.

குட்டை இன்னும் எரிகிறது. வாய்க்காலை அடைத்தால் ஓடிப்போகும் தண்ணீர் குட்டைக்குத் திரும்பும், பாதி மரங்களாவது தப்பும். வாய்க்கால் கம்பெனியுடையது, அவர்கள் சம்மதம் வேண்டும் என்று இங்குள்ள அதிகாரி சொன்னார். நான் எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன், அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையெழுத்துக்குக் கீழே ஹாய்ட்டின் எண்ணை எழுதியிருக்கிறேன். சம்மதம் வந்ததும் அவனைக் கூப்பிடுங்கள். மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில்தான் நிற்கிறான்.

(ஒப்பம்) வெர்னா ஸ்டிரிக்லன்ட்