கறுப்புக் கட்டம்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகள், தனியுரிமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா, கேமரா மெக்கானிக். தேநீர் நான்தான் போட்டேன். சர்க்கரை தூக்கல் என்று அதிகாரியம்மா பாதியிலேயே வைத்துவிட்டார்.

நான் மொத்தப் பூ வியாபாரி, ஐயா. பூ வாடாமல் வைக்கும் குளிர் அறை வீட்டுப் பின்முற்றத்திலேயே இருக்கிறது. அதனால் வாசலில் ஒரு கேமரா, பின்முற்றத்தில் ஒன்று. மகனுக்குக் கல்யாணமான பிறகு கூடத்தில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, அவர்கள் அறையைப் பார்த்து ஒன்று. வீட்டுக்கு வந்த பெண்ணின் பாதுகாப்பு என் பொறுப்பு இல்லையா? அவள் எப்போது எழுந்தாள், யாரோடு சிரித்தாள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்தது. தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. சாப்பிடும்போது கேட்பேன்.

"நேத்து போன்ல யாரும்மா? அவ்வளவு சிரிப்பு?"

"என் அக்கா, மாமா. ஏன், கேமராவுல சரியா கேக்கலையா?"

வாய்த்துடுக்கு. நான் கோபப்படவில்லை. அவள்தான் புகார் கொடுத்தாள்.

அதிகாரியம்மா நிதானமாகப் பேசினார். "வாசலை எடுக்கலாம். வீட்டுக்குள்ள, அவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது. பின்னாடி துணி காயப்போடுற இடத்தையும் மறைக்கணும்." பிறகு பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். நான் தனியாகச் சேர்த்து வைத்திருந்தவற்றையும் பார்த்தார். எல்லாவற்றிலும் மருமகள்தான். தலை துவட்டுகிறாள். படியில் உட்கார்ந்து அழுகிறாள். என் மகன் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

"நாங்க வேற வீடு பாத்துட்டோம்ப்பா. மாசக் கடைசில போறோம்."

தாயில்லாமல் நான் ஒருவனாக வளர்த்த பிள்ளை. குரல் அவனுடையது, பேச்சு அவளுடையது.

மெக்கானிக் உள்ளே இருந்த கேமராக்களைக் கழற்றினார். பின்முற்றத்துப் படத்தில், கொடிக்கயிறு இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தார். அதற்குள் நடப்பது எதுவும் பதிவாகாது என்றார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இழுங்க," என்றேன்.

"அங்க குளிர் ரூம் கதவுதானே சார் இருக்கு?"

"இருக்கட்டும்ப்பா. அவ அங்கயும் போவா, வருவா."

மெக்கானிக் சிரித்தார். "மாமனார்னா இப்படி இருக்கணும்." அதிகாரியம்மாகூடத் தலையாட்டினார். மருமகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ், மாமா," என்றாள்.

அவர்கள் வீடு மாறுவதற்குள், மகன் வெளியூர் போயிருந்த ஒரு நாளில் அவள் குளிர் அறையில் மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் கைப்பிடி கழன்றிருந்தது. மதியம் முழுக்கத் தட்டும் சத்தம். "மாமா" என்று கூப்பிட்டாள். அப்புறம் என் மகன் பேரைச் சொன்னாள். நான் கூடத்தில்தான் இருந்தேன். அவள் விஷயத்தில் தலையிடமாட்டேன் என்று அதிகாரியம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். போய்ப் பார்க்கவில்லை. சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது.

கைப்பிடியைக் கழற்றியது நான்தான். குளிரைக் கடைசிவரை திருகி வைத்ததும் நான்தான். ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அந்தக் கட்டம் உள்ளே நடப்பதைத்தான் மறைக்கும். அதற்குள் நுழைகிறவரையும் வெளியே வருகிறவரையும் மறைக்காது. இரண்டு பேர் போனோம், ஒருவன் வந்தேன். நீங்கள் ஸ்டேஷனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியபோது என் முகம் நன்றாகவே தெரிந்தது. நல்ல கேமரா, ஐயா. நான் பார்த்து வாங்கியது.

அவளை நான் வெறுத்தேன் என்று மகன் சொன்னானாம். இல்லை. அன்றுகூட நல்லபடியாகத்தான் பேசினேன். "ரோஜாக் கட்டு ஒண்ணு எடுத்துட்டு வாம்மா," என்றேன். "சரி மாமா," என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரும் பார்க்காத இடம் வேண்டும் என்றுதானே அவள் கேட்டாள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன். பூட்டினேன்.