கரிக்கடைக்குக் கனெக்சன் கிடைக்கல

கஸ்தூரி: மறுபடியும் அதே செவப்பு எழுத்துதான் வருது ஃபாயிஸா! "ஸ்டோருடன் இணைக்க முடியவில்லை"... அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.

ஃபாயிஸா: பதறாதீகக்கா. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டீகளா? அண்ணன் பக்கத்துல இருக்காகளா?

சண்முகவேல்: இருக்கேம்மா. நேத்து நீ பாளையம்பட்டியிலருந்து பஸ்ஸேறி வந்து, எங்க கெடங்குக் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துட்டுப் போகையில நல்லாத்தான இருந்துச்சு?

ஃபாயிஸா: நல்லா இருந்துச்சுண்ணே. ஓட்டிப் பாத்துட்டுத்தான கெளம்புனேன். அதுக்கப்புறம் யாரு என்னத்த நோண்டுனீக?

சண்முகவேல்: யாரும் நோண்டல.

கஸ்தூரி: இவுகதான் கரிக்கையோட மவுசைத் தொட்டாக. மவுசே கருத்துப் போச்சு.

சண்முகவேல்: ஏ, அது வாங்கும்போதே கருப்பு.

ஃபாயிஸா: சிரிப்பு காட்டாதீக... மொதல்ல நெட்டு வருதான்னு பாப்போம். அதுல ஏதாச்சும் வீடியோ ஓடுதா?

கஸ்தூரி: ஓடுதே! ஒருத்தி கரியடுப்புல பன்னீரைச் சுட்டுக்கிட்டு இருக்கா.

சண்முகவேல்: அவ போட்டுருக்கது ஒரு கரியா? பாத்தாலே தெரியுது, பாதி தூளு. நம்ம தூர்க்கரியப் போட்டா... சீமைக்கருவை மரத்துத் தூரைத் தோண்டி, அடுக்கி மண்ணு பூசித் தீ வச்சு, மூட்டம் போட்டு எடுத்த கரிம்மா. பத்தவச்சா நின்னு எரியும். சும்மா கங்கு...

ஃபாயிஸா: அண்ணே, யாவாரத்த எங்கிட்ட பண்ணாதீக! நெட்டு இருக்கு. சரி, உங்க போன்ல அந்த ஆன்லைன் கடையத் தொறந்து, "திருச்சுழி தூர்க்கரி"ன்னு தேடுங்க.

கஸ்தூரி: வருது! போட்டோ வருது... ஆத்தாடி, என்னா அழகா இருக்கு! இருங்க, அடியில... "இருப்பு இல்லை"ன்னு போட்டுருக்கான்! இங்க மூட்டை கூரையத் தொடுது, இருப்பு இல்லையாம்!

ஃபாயிஸா: அதான் விஷயம். அவுக கடை நல்லாத்தான் ஓடுது. உங்க சாப்ட்வேர் போயி "சரக்கு இருக்கு"ன்னு சொன்னாத்தான், அவுக "வாங்குங்க"ன்னு பொத்தானைப் போடுவாக. இது போயிச் சேர மாட்டேங்குது. பன்னெண்டு மணிக்குள்ள சேரலைன்னா அவுக இன்னைக்குப் போடுற திருவிழா விற்பனையிலருந்து நம்ம பேரைத் தூக்கிருவாக.

கஸ்தூரி: தூக்கிருவாகளா? ஐயோ... இன்னைக்கு ஒரு ஆர்டராச்சும் வந்தே ஆகணும் ஃபாயிஸா!

ஃபாயிஸா: ஏங்க்கா, இன்னைக்கு இல்லாட்டி அடுத்த மாசம் வேற விற்பனை வரும்ல.

கஸ்தூரி: அடுத்த மாசம் இவுக எங்க இருப்பாகளோ!

சண்முகவேல்: அதெல்லாம் எதுக்கு அந்தப் பிள்ளைகிட்ட...

கஸ்தூரி: சொன்னா என்ன? சவுதிக்கு ஆள் அனுப்புற மதார் சாகிபு பாய் இருக்காகல்ல, அவுககிட்ட சொல்லி வச்சிருக்காக. அங்க போயி டிரைவர் வேலை பாக்கப் போறாகளாம். போனா ரெண்டு வருசம் மூஞ்சியப் பாக்க முடியாது. இன்னைக்கு மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்குள்ள பதில் சொல்லணும்.

ஃபாயிஸா: என்னண்ணே இது?

சண்முகவேல்: வேற என்னம்மா பண்ண? இஸ்திரிக்காரவுக பூராம் கரண்டுப் பெட்டிக்கு மாறிட்டாக. ஓட்டல்காரவுக கேஸுக்குப் போயிட்டாக. மூட்டம் பிரிச்சுப் பிரிச்சு மூட்டை ஏறுதே ஒழிய லோடு எறங்க மாட்டேங்குது.

கஸ்தூரி: ஆன்லைன்ல வித்துக் காட்டுறேன், போகாதீகன்னேன். "இன்னைக்கு ஒரு ஆர்டர் வரட்டும், நான் எங்கயும் போகல"ன்னு வாக்குக் குடுத்துருக்காக.

ஃபாயிஸா: இத நேத்தே சொல்லிருக்கக் கூடாதா! எங்க வீட்டு ஆளு தோஹாவுல இருக்காக, எனக்குத் தெரியாதா அந்த வலி... விடமாட்டேன்க்கா. நம்ம ரெண்டு பேரும் இன்னைக்கு இத ஒரு வழி பண்ணிருவோம். பாஸ்வேர்டை அழிச்சுட்டுப் புதுசா அடிங்க.

சண்முகவேல்: ஒரு கை பாருங்க, ஒரு கை பாருங்க...

கஸ்தூரி: நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெழலு விழுகுது. அடிச்சுட்டேன் ஃபாயிஸா. சுத்துது... சுத்துது... போச்சு. செவப்பு.

ஃபாயிஸா: நான் குடுத்தேன்ல, நீளமா ஒரு சாவி எழுத்து? வாட்சப்புல இருக்கும். அத எடுத்து ஒட்டுங்க.

கஸ்தூரி: ஒட்டியாச்சு... செவப்பு.

ஃபாயிஸா: சனியன்... சரி, கம்ப்யூட்டரை ஒருதடவை அணைச்சுப் போடுங்க.

சண்முகவேல்: அணைக்கணுமா? அணைச்சா... உள்ள செஞ்சு வச்சதெல்லாம் அப்பிடியே இருக்குமா?

ஃபாயிஸா: இருக்கும்ணே. ஏன்?

சண்முகவேல்: சும்மா கேட்டேன்.

கஸ்தூரி: அணைச்சுப் போட்டுட்டேன். சாவகாசமா எந்திரிக்குது பாரு, மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி.

சண்முகவேல்: என்னையச் சொல்லலைன்னா ஒனக்குப் பொழுது விடியாதே.

ஃபாயிஸா: அது எந்திரிக்கட்டும்... கேக்குறேன்னு தப்பா எடுக்காதீகக்கா. கரியப் போயி யாரு ஆன்லைன்ல வாங்குவா?

கஸ்தூரி: பெங்களூர்ல மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கோழி சுடுறாக ஃபாயிஸா! நம்ம பக்கம் கருவைன்னா முள்ளு, வெட்டித் தள்ளுங்கிறோம். அங்க போனா அதுக்குப் பேரு "இயற்கை". நானே படிச்சேன்.

சண்முகவேல்: தூர்க்கரிய அட்டைப் பெட்டியில போட்டு ரிப்பன் கட்டி வச்சிருக்கா ஒங்க அக்கா. எங்கய்யா பாத்திருந்தா மயங்கி விழுந்திருப்பாரு.

கஸ்தூரி: எந்திரிச்சிருச்சு! "இணை"ய அமுக்குறேன்... ஐயோ, செவப்பு! இப்ப மணி வேற பதினொண்ணு இருபது!

ஃபாயிஸா: இருங்க இருங்க. அந்தச் செவப்புக்கு அடியில "விவரம்"னு சின்னதா இருக்கும் பாருங்க. அத அமுக்குங்க.

கஸ்தூரி: பூராம் இங்கிலீசு... எரர்... ரிக்வெஸ்ட்டு... "டைம்"னு என்னமோ போட்டுருக்கு.

ஃபாயிஸா: டைமா? அக்கா, வலது பக்கம் கீழ மூலையில மணி என்ன காட்டுது?

சண்முகவேல்: சரியாத்தான்மா காட்டுது. பதினொண்ணு இருபது.

கஸ்தூரி: என்னங்க, கைக்கடிகாரத்தப் பாத்துக்கிட்டுச் சொல்றீக? இதுல பத்து மணின்னுல்ல இருக்கு!

ஃபாயிஸா: பத்தா? நேத்து சரியா இருந்துச்சே... அதுவும் நெட்டு இருந்தா தானாவே சரியாகிக்கிருமே! யாரோ அந்தப் பொத்தானை அணைச்சுட்டு, கையால மாத்தி வச்சிருக்காக.

கஸ்தூரி: என்னங்க... என்னையப் பாருங்க. சுவத்துல பல்லி இருக்கா, அங்க என்ன பார்வை?

சண்முகவேல்: நாந்தான்.

ஃபாயிஸா: அண்ணே!

சண்முகவேல்: காலையில கரண்டு போச்சா இல்லையா? நல்ல நேரம் ஒம்பதேகாலுலருந்து பத்தேகாலு. கரண்டு வரையில பத்தேமுக்கால். வெள்ளிக்கிழமை பத்தரையிலருந்து பன்னெண்டு ராகுகாலம். மூட்டத்துக்குத் தீ வைக்கிறதுக்கே நேரம் பாக்காம வச்சதில்ல. மொத பில்லுல போயி ராகுகாலம்னு விழுந்தா வெளங்குமா? அதான்... பில்லுலயாச்சும் நல்ல நேரம் விழட்டும்னு முள்ளப் பின்னாடி தள்ளிட்டேன்.

கஸ்தூரி: ராகுவுக்கே கள்ளக் கணக்கா!

ஃபாயிஸா: அண்ணே, இத எங்கண்ணே படிச்சீக? பொத்தானைக்கூட அணைச்சிருக்கீக!

சண்முகவேல்: இவ வெளிய வெளக்கு ஏத்தப் போனா. அதுக்குள்ள ஒரு வீடியோ பாத்தேன்.

ஃபாயிஸா: யா அல்லா... கேளுங்க. அந்தக் கடை நம்ம சாப்ட்வேரை நம்புறதே நேரத்த வச்சுத்தான். காலையில கிழிச்ச டிக்கெட்டக் காட்டி மத்தியான பஸ்ல ஏறுனா கண்டக்டர் விடுவாரா? "எவனோ ஏமாத்துறான்"னு எறக்கித்தான விடுவாரு? அதான் நடக்குது. மணிய மாத்துங்க, ஒடனே ஒட்டிக்கிரும்!

சண்முகவேல்: அப்பன்னா... பன்னெண்டு ஒண்ணுக்கு மாத்துவோம்.

ஃபாயிஸா: பன்னெண்டுக்குக் கதவச் சாத்திருவாகண்ணே!

கஸ்தூரி: நகருங்க.

சண்முகவேல்: கஸ்தூரி, சொன்னாக் கேளு. இது வெளயாட்டில்ல. இது மட்டும் ஊத்திக்கிருச்சுன்னா எனக்கு வேற வழியே கெடையாது.

கஸ்தூரி: ஏன், அதான் சவுதி இருக்குல்ல உங்களுக்கு?

சண்முகவேல்: அது... அதச் சொல்லல... சரி, இருக்குன்னே வச்சுக்க.

கஸ்தூரி: என்ன மென்னு முழுங்குறீக?

ஃபாயிஸா: சண்டைய அப்புறம் வச்சுக்கங்க, மணி ஓடுது! அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாளு. எங்களுக்கு வாரத்துலயே இதவிட நல்ல நாளு கெடையாது. இந்தா, நான் அல்லா பேரால பிஸ்மி சொல்லி ஆரம்பிச்சு வைக்கிறேன். தொறக்குறது எங்க கணக்குல இருக்கட்டும், யாவாரம் உங்க கணக்குல நடக்கட்டும்.

சண்முகவேல்: ...அப்பிடிங்கிறியா?

கஸ்தூரி: தங்கம்டி நீயி! கேட்டீகளா? ஒரு பொம்பளப்பிள்ள வாயால நல்ல வார்த்த சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன நேரம் வேணும் உங்களுக்கு?

சண்முகவேல்: மாத்து.

கஸ்தூரி: மாத்திட்டேன்! பதினொண்ணு முப்பத்திரண்டு. அந்தப் பொத்தானையும் போட்டுட்டேன்.

ஃபாயிஸா: பிஸ்மில்லாஹ்... இப்ப "இணை"ய அமுக்குங்க!

சண்முகவேல்: நான் அமுக்குறேன்... இரு, கையத் தொடச்சுக்கிறேன்.

கஸ்தூரி: தொடைக்காதீக. கரிக்கையோடயே அமுக்குங்க. அதுலதான நமக்குச் சோறு.

சண்முகவேல்: முனியய்யா, நீதான் தொணை...

ஃபாயிஸா: என்னாச்சு?

கஸ்தூரி: சுத்துது...

ஃபாயிஸா: அக்கா?

கஸ்தூரி: இன்னும் சுத்துது... இரு... பச்சை! ஏ ஃபாயிஸா, பச்சை! "இணைக்கப்பட்டது"ங்குது! என்னங்க, பச்சைங்க!

சண்முகவேல்: பச்சைதான்... பச்சையேதான்! ஏ, பிள்ள, என்னைய எதுக்குக் கிள்ளுற!

ஃபாயிஸா: போன்ல பாருங்க, போன்ல பாருங்க!

கஸ்தூரி: "இருப்பு உள்ளது"! வாங்குறதுக்குப் பொத்தான் வந்துருச்சு! ஐயோ, எனக்குக் கண்ணு தெரியல, நீங்க படிங்க...

சண்முகவேல்: "திருச்சுழி தூர்க்கரி. விற்பனையாளர் கஸ்தூரி." ஒம்பேரு போட்டுருக்குடி!

ஃபாயிஸா: எனக்கு ஒரு பெட்டி அல்வா கடன்! ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்!

கஸ்தூரி: அல்வா என்ன, ஒனக்குச் சேலையே எடுத்துத் தாரேன்... ஆனா ஃபாயிஸா, ஆர்டரு? தொறந்தாப் போதுமா? ஒருத்தர் வாங்கணுமே?

ஃபாயிஸா: விற்பனை நாளுக்கா. கூட்டம் அலை மோதும். கொஞ்சம் பொறுங்க.

சண்முகவேல்: நான் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கஸ்தூரி: பொறுக்குறவுக எதுக்குக் கெடங்க இம்புட்டுத் தடவை சுத்தி வாரீக? உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது.

சண்முகவேல்: நீ மட்டும் என்னவாம்? அந்தத் திரையவே முழுங்கிருவ போலருக்கு.

கஸ்தூரி: எனக்கு வரணும்ங்க. கண்டிப்பா வரணும். உங்களுக்குத் தெரியாது...

ஃபாயிஸா: என்னக்கா அது சத்தம்? டிங்குன்னு...

கஸ்தூரி: என்னமோ வந்து விழுந்துச்சு... "புதிய ஆர்டர்"! ஆர்டர்! ஆர்டருங்க! ரெண்டு பெட்டி தூர்க்கரி, பெங்களூரு!

சண்முகவேல்: பெங்களூரா? நெசமாவா? ஏம்மா ஃபாயிஸா, நீ எதுவும் உங்காளுகள விட்டுப் போடச் சொல்லலையே?

ஃபாயிஸா: அல்லா மேல ஆணையா இல்லண்ணே! எங்க வீட்ல கேஸ் அடுப்பு, நான் ரெண்டு பெட்டி கரிய வாங்கி என்ன செய்ய!

சண்முகவேல்: அப்பன்னா நெசமான ஆர்டரு... ஏ, ராகுகாலத்துல மொத யாவாரம் ஆயிருச்சே! கஸ்தூரி, சாதிச்சுட்ட! இனி பேச்சே கெடையாது!

கஸ்தூரி: பேச்சு இருக்கு. அந்த மதார் சாகிபு பாய்க்குப் போனைப் போடுங்க. வரலைன்னு எங்காதுபடச் சொல்லுங்க.

சண்முகவேல்: அது... அவுக இப்ப தொழுகைக்குக் கெளம்பிக்கிட்டு இருப்பாக.

ஃபாயிஸா: இல்லண்ணே, இன்னும் நேரமிருக்கு.

சண்முகவேல்: நீ சும்மா இரும்மா.

கஸ்தூரி: என்ன இழுவை? வாக்குக் குடுத்துட்டு மாறப் போறீகளா? இன்னமும் போகணும்ங்கிற நெனப்பா?

சண்முகவேல்: நெனப்பா? ஏ, நான் போன வாரமே அவுக வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வந்துட்டேன்.

கஸ்தூரி: என்னன்னு?

சண்முகவேல்: வரலைன்னு. வேற ஆளப் பாத்துக்கங்கன்னு. எம்பேருல இருந்த எடத்தப் பந்தல்குடிக்காரர் ஒருத்தருக்குக் குடுத்துட்டாக.

கஸ்தூரி: போன வாரமேவா? அப்ப இன்னைக்குப் பூராம் இப்பிடிப் பதறுனது...

சண்முகவேல்: பெறகு? அந்த வழிய அடைச்சுட்டு நிக்கிறேன், இந்த வழியும் தொறக்கலைன்னா உங்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? அதான் ராகுவயே ஏமாத்தப் பாத்தேன். ஒன்னைய விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல கஸ்தூரி. அம்புட்டுத்தான்.

ஃபாயிஸா: ...அக்கா? அழுகுறீகளா? நான் வேணா போனை வச்சுரட்டுமா?

கஸ்தூரி: வைக்காத ஃபாயிஸா. இவுக கோவப்பட்டா எனக்கு ஒரு தொணை வேணும்.

சண்முகவேல்: நான் எதுக்கு இப்பக் கோவப்படப் போறேன்?

கஸ்தூரி: நீங்க வாரேன்னு சொல்லிருந்தாலும் போயிருக்க முடியாதுங்க... உங்க பாஸ்போர்ட்ட, போன மூட்டத்துல வெறகோட வெறகா வச்சு, நானே எங்கையால மண்ணு பூசி மூடிட்டேன்.