மைக்கில் வராத பேர்

ஷாகுல்: தண்ணி வடிஞ்சு போச்சு. இப்ப போய் கேம்ப்ல வேலை செய்றவங்களுக்கு இன்னாத்துக்குக்கா இந்த கிளாஸு?

காமு: காலைலேந்து கிளாஸ் எடுக்கற மேடம் அதத்தானே சொல்லிகினு கீறாங்க. வெள்ளத்துல வூடு போன பொம்பளைக்கு அரிசி, போர்வை குடுக்கிறவன், அத காட்டி அவ மேல கை வெக்கக் கூடாது.

ஷாகுல்: அது சரி... திடீர்னு நம்மள கூப்ட்டு சொல்றாங்கன்னா, எவளோ போட்டுக் குடுத்துக்கீறா.

காமு: எவளோவா?

ஷாகுல்: யாரோ. டீ ஆறுது, குடி. நீ எந்த கேம்ப்பு?

காமு: பெருங்களத்தூர். நீங்க பாய்?

ஷாகுல்: முடிச்சூர் பள்ளிக்கூடம். மூட்டை எறக்குவேன். சாயங்காலம் சாமான் குடுக்கறப்போ மைக்ல பேர் படிக்கிறதும் நான் தான்.

காமு: மூட்டை தூக்குற ஆளு கைல மைக்கா...

ஷாகுல்: சிரிக்காத. தலை நரைச்சப்புறம் குன்றத்தூர்ல ராத்திரி கிளாஸ் போய் எழுத்து கத்துகினேன். கேம்ப் இன்சார்ஜ் ராஜகோபால் சாரே கூப்ட்டு படின்னாரு.

காமு: அவர் பைக்ல தானே காலைல வந்து எறங்கினீங்க?

ஷாகுல்: ...நீ எப்ப பார்த்தே?

காமு: இந்த மண்டபத்து வாசல்ல தான் நின்னுகினு இருந்தேன். அவரு உள்ள வரலியே?

ஷாகுல்: வேலை கீதாம். ஆமா... முடிச்சூர்லேந்து எவளாச்சும் உங்க கேம்ப்புக்கு வந்தாளா? தனி பொம்பள?

காமு: எதுக்கு?

ஷாகுல்: சும்மா.

காமு: சும்மா கேக்கறவரு டீயக் கூட தொடலியே.

ஷாகுல்: நீ இன்னா, மேடம் ஆளா?

காமு: நீங்க ராஜகோபால் ஆளா?

ஷாகுல்: நான் மூட்டை தூக்குற ஆளு.

காமு: சரி, ஒண்ணு சொல்லுங்க. மைக்ல எல்லார் பேரும் படிப்பீங்களா?

ஷாகுல்: படிப்பேன்... ஒண்ணு ரெண்டு உட்டுருவோம்.

காமு: நீங்களாவா?

ஷாகுல்: சே. சார் பக்கத்துல நிப்பாரு. சில பேர் மேல கட்டை வெரல வெச்சுக்குவாரு. வெச்சா அத உட்டுட்டு அடுத்தது படிக்கணும். ஸ்டாக்கு கம்மின்னாரு.

காமு: உட்ட ஆளுக்கு?

ஷாகுல்: எல்லாரும் போனப்புறம் ஸ்டோர் ரூமுக்கு வந்து அவர்கிட்ட வாங்கிக்கணும்.

காமு: ஆம்பள பேர் மேல வெப்பாரா அந்த வெரல?

ஷாகுல்: இரு... இரு. பேர் உட்டுப்போச்சுன்னு ஒரு ஆம்பளையும் வந்து நின்னதில்ல. அவரு மறைக்கிறது பொம்பள பேரு மட்டும்... அல்லா.

காமு: அந்த வெரலு எதுக்குன்னு இப்ப புரியுதா?

ஷாகுல்: இதுக்கா நான் எழுத்து கத்துகினேன்...

காமு: கூட இருந்து பார்த்தவங்க ஒருத்தர் சொன்னா, இன்னிக்கே அவரை தூக்கிடலாம்னு மேடம் சொல்றாங்க. சொல்றீங்களா?

ஷாகுல்: என் வேலை போவும். திருமுடிவாக்கத்துல பட்டறை மூழ்கி, இங்க வந்து ஒண்டிகினு கீறேன்.

காமு: அவ மட்டும் எங்க ஒண்டுவா?

ஷாகுல்: ...மறைக்கல, சொல்லிடறேன். போட்டுக் குடுத்தவ யாருன்னு பார்த்துகினு வான்னு தான் அவரு என்னை அனுப்ச்சாரு. நீ அவள பார்த்தா உஷாரா இருக்கச் சொல்லு. நான் மேடத்துக்கிட்ட போறேன்.

காமு: போங்க.

ஷாகுல்: போய் இன்னான்னு சொல்றது? வெரலுக்கு அடியில இருந்தது எந்த பேருன்னு கூட எனக்குத் தெரியாதேக்கா.

காமு: காமுன்னு சொல்லுங்க. நான் பெருங்களத்தூர் இல்ல பாய், முடிச்சூர் தான். ஒரு நாளாச்சும் மைக்ல என் பேர கூப்ட்டிருந்தீங்கன்னா மூஞ்சி தெரிஞ்சிருக்கும்.