மணி கேட்டால் மரத்தடிக்கு

ஓடுகிறார்கள். தப்பான பக்கம் ஓடுகிறார்கள்.

மணி அடித்தவன் நான். ஸ்டோர் சுவரோரம் தொங்கும் தண்டவாளத் துண்டு. கையில் இரும்புக் கம்பி. டாங். டாங். டாங். கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால். மழை மேலேயிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வருகிறது. தொழிலாளர் லைன் வீடுகளின் கூரைத் தகரம் ஒவ்வொன்றாய் உரிகிறது. எல்லோரும் வெளியே வரட்டும் என்றுதான் அடித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இருபது வருஷமாக அந்த மணிக்கு ஒரே அர்த்தம். மஸ்டர். பேர் கூப்பிடும் களத்துக்கு வா. லேட்டானால் திட்டு, ரொம்ப லேட்டானால் அன்றைக்கு வேலை இல்லை. களத்தைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள்.

சரசு முன்னால் வருகிறாள். என் தங்கச்சி. இடுப்பில் காபிப் பழம் பறிக்கும் கூடை. புயலில் கூடை எதற்கு? மணி கேட்டால் கை கூடையைத் தேடும். அப்படிப் பழக்கியிருந்தோம்.

"இங்க வராத கண்ணு! மாரியண்ணன் தோட்டத்துக்கு ஓடு!"

என் குரலைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது.

நான் அந்தக் காபி எஸ்டேட்டின் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிறவன். மலையில், கொட்டச்சேடு ஊருக்குக் கீழே. முன்பு காபிக்கு மேலே பலா, அத்தி, நாவல், ஆரஞ்சு. கண்டபடி நின்றன. பதினைந்து வருஷத்துக்கு முன் மேனேஜர் வந்தார். பலா நிழல் சோம்பேறி நிழல் என்றார். வெட்டினோம். ஒரே மரம், ஒரே இடைவெளி, நேர் நேராய்ச் சில்வர் ஓக். வெட்டவேண்டிய மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு பூசியது இந்தக் கைதான்.

வேலிக்கு அந்தப்புறம் மாரியண்ணன். இரண்டு ஏக்கர். பலாவுக்கும் அத்திக்கும் கீழே காபி. பலாவில் மிளகுக்கொடி. இடையில் வாழை. பந்தலில் சௌசௌ. ஓரத்தில் கேழ்வரகு.

"என்ன மாரி, இது தோட்டமா, சந்தையா?" மேனேஜர் ஒருநாள் கேட்டார்.

"சந்தைதானுங்க. உங்குளுது பட்டாளமுங்க. நொம்ப அழகா நிக்குது. ஒருத்தன் உழுந்தா மொத்தமும் உழுகும், அதானுங்க ரோசனை."

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் பக்கம் நின்று.

ஏழு இருபது. முதல் மரம் ஒடிகிறது. வெடிச்சத்தம் இல்லை. பெரிய எலும்பு முறியும் சத்தம். அடுத்தது. அடுத்தது. எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். நடுவில் காற்றை மறிக்க ஒரு குட்டை மரம் இல்லை. வரிசை வரிசையாகக் களத்தின் மேல் சாய்ந்தன.

தினமும் லேட்டாக வருகிறவர்கள், தினமும் என்னிடம் திட்டு வாங்குகிறவர்கள், பாதி வழியில் அதைப் பார்த்தார்கள். திரும்பினார்கள். வேலி தாண்டி மாரியண்ணன் தோட்டத்துக்குள் விழுந்தார்கள்.

"பலாத் தூரப் புடிச்சுக்கங்க! வாழைகிட்டப் போவாதீங்க!" மாரியண்ணன் கத்தினார்.

வாழை அத்தனையும் படுத்தது. பந்தல் பறந்தது. அத்தியில் பாதி போனது. பலா நின்றது. அதன் கீழே காபி நின்றது.

பத்து மணிக்குக் காற்று விட்டது. பலாவடியில் நின்று பேர் கூப்பிட்டேன். நோட்டு இல்லை, மனப்பாடம். இருபத்தொன்பது பேர்.

"இருக்கறனுங்க."

"இருக்கறனுங்க."

சரசு, என்றேன். மறுபடி சரசு, என்றேன்.

"ரைட்டரே, போதுமுங்க," என்றார் மாரியண்ணன்.

பதினெட்டு நாள் மலைக்குப் பஸ் ஏறவில்லை. எஸ்டேட்டில் பறிக்கப் பழமும் இல்லை, வேலையும் இல்லை. மாரியண்ணன் வீட்டுக் கேழ்வரகைக் களியாக்கித் தின்றோம். விழுந்த வாழையின் தண்டையும் தின்றோம். எஸ்டேட்டின் இத்தனை மண்ணில் வாய்க்குள் போட ஒரு பொருள் இல்லை. அழகு இருந்தது. விழுந்தும் நேர் நேராய்க் கிடந்தது.

இந்த வாரம் லாரியில் நாற்று வந்திருக்கிறது. சில்வர் ஓக். அதே இடைவெளிக்குக் குழி.

"புயல் தினமுமா வருது, ரைட்டர்? குழி வரிசைக்குக் கயிறு பிடி," என்கிறார் மேனேஜர்.

"முடியாதுங்க."

பதினைந்து வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது. பிணம் எடுத்த பிறகு சொன்னது. தூ.

போனதை எழுதிவைக்கிறேன். மாரியண்ணன் தோட்டத்தில் வாழை அறுபது, பந்தல் ஒன்று, அத்தியில் பாதி. எஸ்டேட்டில் லைன் வீடு நாலு. களத்தைச் சுற்றி நின்ற சில்வர் ஓக் அத்தனையும். அதன் கீழிருந்த காபி அத்தனையும். ஆள் மூன்று. பொன்னம்மா. காளியப்பன். சரசு.

மூன்று பேரும் மஸ்டருக்கு ஒருநாளும் லேட்டானதில்லை.