கெணத்துக்குள்ள எரிஞ்ச வெளக்கு

இல்லைங்க மேடம், கெணத்துல எறங்குனது நாடகத்துல. நெசத்துல இல்ல. பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க, நான் சரியாச் சொல்லிடுறேன். என் சம்சாரம் பேரு இருதயமேரி, வயசு அம்பத்தாறு. சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து காணோம். எம்பேரு அருள்நாதன், பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிடயர்டு ஆனவன். வீடு இங்க பாலக்கரையிலதான், கோயிலுக்குப் பின்னாடி சந்து. கட்டியிருந்தது ஊதாக் கலர் காட்டன் சேலை, தோள்ல ஒரு ப்ரவுன் பை. எழுதிக்கிட்டீங்களா?

கடைசியா எங்க பாத்தேனா? அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன், கெணத்துல எறங்குறப்ப பாத்தேன். மேடையில. எங்க மாதா கோயில் பங்குல வருசா வருசம் திருவிழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் போடுறோம், வெள்ளிமணித் தீவுன்னு. எங்கப்பா எழுதினது. கேள்விப்பட்டதே இல்லையா? பாலக்கரை ஸ்டேஷன்ல ஒக்காந்துக்கிட்டு வெள்ளிமணித் தீவு தெரியாதுங்கிறீங்க! சரி விடுங்க, மாத்தலாகி வந்திருப்பீங்க.

சுருக்கமாவே சொல்றேன், கோவப்படாதீங்க. ஒரு தீவு. அங்க ஒரு மந்திரவாதி. ஊர்ல இருக்குற அத்தனை பேரு குரலையும் திருடி ஒரு வெள்ளி மணிக்குள்ள அடைச்சு, அந்த மணியக் கெணத்துக்கு அடியில போட்டுடுறான். மரகதம், நித்திலம்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு கெணத்துல எறங்கி மணிய எடுக்குறாங்க. மணி அடிச்சா ஊருக்கே பேச்சு வந்துடும். தங்கச்சிய ராசா கட்டிக்குவாரு. கல்யாணப் பாட்டு, திரை. ராசா நான்தான். சிரிங்க, பரவால்ல. தொப்பைக்கு மேல பெல்ட்டக் கட்டிக்கிட்டு இன்னிக்கும் நான்தான் ராசா. மேரிதான் அக்கா, மரகதம். கல்யாணம் ஆன வருசத்துலேருந்து, இருபத்தெட்டு வருசமா. தங்கச்சி வேசத்துக்கு மட்டும் வருசத்துக்கு ஒரு புதுப் பொண்ணு வரும். இந்த வருசம் ஜெஸ்லின். வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்குதே, அந்தப் பொண்ணு.

வீட்டுல சண்டையான்னு கேக்குறீங்க. சண்டைன்னு ஒண்ணும் இல்லைங்க. கேள்விதான். மேரிக்கு இந்த நாடகத்துல ஓட்டை கண்டுபுடிக்கிறதுதான் வேலை. வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேப்பா. ஏங்க, பன்னெண்டு வருசமா தீவுல ஒருத்தருக்கும் குரலே இல்லங்கிறாரு உங்கப்பா, ஆனா பத்து நிமிசத்துக்கு ஒருதரம் எல்லாரும் சேந்து பாடுறாங்களே, எதை வெச்சுப் பாடுறாங்கன்னு. அடியே, பாட்டு வேற பேச்சு வேறடிம்பேன். அப்புறம் குதிரை. மொத அங்கத்துல ராசா பறக்குற குதிரையில வந்து எறங்குறாரு. அடுத்த அங்கத்துல கால்ல முள்ளு குத்தி, அழுது பாடிக்கிட்டே காட்டுல நடக்குறாரு. குதிரை என்ன லீவுல போயிடுச்சாம்பா. மந்திரவாதி எறும்பாவும் மாறுவான், யானையாவும் மாறுவான். கடைசில ஒரு மீன் வலையில மாட்டிக்கிட்டு கத்துவான். எறும்பா மாறி ஓடிப் போயிருக்கலாம்ல, அறிவுகெட்டவன்னு சொல்லிட்டு அவளே சிரிப்பா. எனக்குச் சுருக்குனு ஏறும். எங்கப்பா டைஃபாய்டுல பொழச்சு, மாதாவுக்கு நேந்துக்கிட்டு எழுதின நாடகம் மேடம். நோட்டுல மொதப் பக்கத்துலயே போட்டிருக்காரு, ஒரு எழுத்து மாத்தக்கூடாதுன்னு. அந்த நோட்டு எங்கிட்டதான் இருக்கு.

வரேன் மேடம், ரெண்டு நாள் ஏன் கம்ப்ளைன்ட் குடுக்கலங்கிறதுக்குத்தான் வரேன். இதெல்லாம் வெளையாட்டுக் கேள்வி. இன்னொண்ணு இருக்கு, அதை மட்டும் சிரிக்காமக் கேப்பா. கெணத்துக்கு அடியில ஒரே இருட்டு. அக்கா தங்கச்சிகிட்ட சொல்லுவா, நான் வெளக்கப் புடிச்சிக்கிறேன், நீ மணிய எடுத்துக்கிட்டு மேல போன்னு. தங்கச்சி போயிடுறா. மணி அடிக்குது, பேச்சு வருது, கல்யாணம் நடக்குது. அக்கா? அக்கா அங்கயேதான். அவ மேல வந்தாளான்னு நோட்டுல இல்ல. ஊர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கூடப் பொறந்தவளும் கேக்க மாட்டா. ஏங்க, ராசாவாச்சும் ஒரு வார்த்தை கேக்கலாம்ல, உங்க அக்கா எங்கன்னு, ஒரே ஒரு வசனம் சேத்துக்குங்களேன்னு வருசா வருசம் ஒத்திகையப்ப கேப்பா. முடியாதுன்னுடுவேன்.

அது மட்டும் இல்ல. அந்த வெளிச்சம் கடைசி வரைக்கும் கெணத்து வாய்ல தெரியணும், வெளக்க ஆளுதான் புடிக்கணும், ஆணியில மாட்டக்கூடாதுன்னு அப்பா எழுதியிருக்காரு. அதனால மேரி படுதாவுக்குப் பின்னாடி அரிக்கேன் லைட்டத் தூக்கிப் புடிச்சபடி ஒரு மணி பத்து நிமிசம் நிக்கணும். போன வருசமே தோள்பட்டை புடிச்சுக்கிச்சு, தலை சீவக் கைய தூக்க முடியல. இந்த வருசம் ஒரு ஆணி அடிச்சுக் குடுங்கன்னா. என்னடி பேசுற, நேர்ச்சைடின்னுட்டேன்.

யாரு ஃபோன்ல? ஸ்ரீரங்கம் ஸ்டேஷனா? ஃபோட்டோவா? குடுங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.

மாதாவே.

எங்க வெளக்குதாங்க. கைப்புடி ஒடஞ்சு நான்தான் பத்த வெச்சேன், அந்த எடம் தெரியுது பாருங்க. அடியில பாலக்கரைக் கோயில்னு பெயிண்டுல எழுதியிருக்கும், அதைப் பாத்துத்தான் இங்க கூப்புட்டாங்களா? எங்க கெடந்துச்சாம்? அம்மா மண்டபத்துலயா? படித்துறையிலயா? மேடம், அவளுக்கு அங்க என்ன வேலை? திதி குடுக்குற எடம் அது, நாங்க கிறிஸ்டியன்ஸ். தண்ணி எவ்ளோ போகுது இப்ப? தொறந்து விட்டிருக்காங்களாமே? அவளுக்கு நீச்சல் தெரியாது மேடம். முட்டளவு தண்ணியில நிக்கவே பயப்படுவா. கொஞ்சம் தண்ணி குடுங்க.

ஸ்ரீரங்கத்துல தெரிஞ்சவங்களா? யாரும் இல்லைங்க. சொந்தம் எல்லாம் லால்குடிப் பக்கம். ஃப்ரெண்டுன்னு அவளுக்கு யாரு... தெரியலைங்க. மாத்திரையா? ஏதோ சாப்புடுவா, வெள்ளைக் கலர், எதுக்குன்னு கேட்டதில்ல. என்னை அப்படிப் பாக்காதீங்க. நாடகத்துல எங்க வேணாலும் கேளுங்க, மந்திரவாதி வசனத்தக்கூட ஒப்பிப்பேன். ஜெஸ்லினக் கூப்புட்டுக் கேளுங்க, அதுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்.

பானு டீச்சரா? யாரும்மா அது? ஸ்ரீரங்கத்துல தையல் சொல்லிக் குடுக்குறவங்களா? மேரி புதன்கிழமை புதன்கிழமை அங்க போவாளா? நாலு வருசமாவா? சரி, நீ வெளிய ஒக்காரு. பாத்தீங்களா மேடம், எங்கிட்ட நவநாள் பூசைக்குப் போறேன்னு சொல்லியிருக்கா. சரி, நம்பர் இருக்குல்ல, போடுங்க. எடுக்கலையா? மறுபடி போடுங்க மேடம், கும்புட்டுக் கேக்குறேன்.

கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன், நேத்து என்ன பண்ணேன்னு. நேத்து தேர்ப்பவனி. முன்னாடி குச்சி புடிச்சுக் கூட்டத்த ஒதுக்குறது நாந்தான். நூறு பேராவது கைய குடுத்திருப்பாங்க, ராசா நடிப்பு பிரமாதம்னு. ஃபாதர் சொன்னாரு, மந்திரவாதி வேசம் போட்ட ஆசீர் சொன்னான், எல்லாரும் சொன்னாங்க. மேரி எங்கன்னு ஒரு மனுசன் கேக்கல மேடம். இன்னிக்குக் காலையில ஜெஸ்லின்தான் வளையலத் திருப்பிக் குடுக்க வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு, அங்கிள், ஆன்ட்டி எங்கன்னுச்சு. அதுதான் என்னை இழுத்துக்கிட்டு இங்க வந்துச்சு.

எடுத்துட்டாங்களா? என்ன சொல்றாங்க? இருக்காளா?

ஐயோ சேசுவே, உயிரோட இருக்கா. ஒரு நிமிசம் மேடம். இல்ல, அழல. அழுதா என்ன இப்ப, எம்பொண்டாட்டி உயிரோட இருக்கா. வெளக்க ஏன் படியில வெச்சாளாம்? கை வலிச்சுதாமா. வலிக்கத்தான் செய்யும். சரி, நான் கெளம்புறேன், ஆட்டோ புடிச்சா காவேரிப் பாலம் தாண்டி அரை மணிதான். பேப்பரக் கிழிச்சுப் போட்டுடுங்க.

ஏன் உக்காரச் சொல்றீங்க?

வர வேணாம்னாளா? ஏன்னு கேட்டீங்களா? ஏன்னு அவருக்கே தெரியும்னாளா.

எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னதுதான். ரெண்டாவது அங்கத்துல பச்சைப் பட்டுல கெணத்துல எறங்குனா, அதோட சரி. ஆமா, பச்சைப் பட்டுதான், மரகதம் வேசத்துக்கு எப்பவும் அதான். வீட்டுலேருந்தே அதைக் கட்டிக்கிட்டுத்தான் வந்தா.

ஊதாவா?

ம். நான்தான் சொன்னேன். ஊதா காட்டன், ப்ரவுன் பை. எழுதியிருக்கீங்க. பச்சையில போனவள ஊதாவுல எப்பப் பாத்தேன். நல்லாப் புடிச்சீங்க மேடம். எங்கப்பா கதையில ஓட்டை தேடுனா அவ, என் கதையில நீங்க.

கதவச் சாத்த வேணாம், இருக்கட்டும். கல்யாணப் பாட்டுக்கு மூணு சரணம். நான் நடுவுல நிக்கிறேன், ஜெஸ்லின் மாலையோட பக்கத்துல. மொதச் சரணம் முடியிறப்ப கெணத்து வெளிச்சம் மேல ஏறுச்சு. ஏறி, அப்படியே நகந்து போச்சு. சனங்க என்னமோ இந்த வருசம் புதுசா லைட்டிங் பண்ணியிருக்காங்கன்னு கை தட்டுனாங்க. எனக்கு மட்டும் புரிஞ்சுபோச்சு. சைடு கதவுல வந்து நின்னா. ஊதாச் சேலை, தோள்ல பை, கையில அந்த வெளக்கு. இங்கேருந்து அந்த பீரோ தூரந்தான் இருக்கும் மேடம் எனக்கும் அவளுக்கும். என்னையே பாத்தா. கோவமெல்லாம் இல்ல. ஒத்திகையில நான் வசனத்த மறந்துட்டா எடுத்துக் குடுக்க நிப்பா பாருங்க, அப்படி நின்னா. எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நின்னிருப்பா. கைய காட்டியிருந்தாகூட நின்னிருப்பா. அந்த எடத்துல எனக்கு வசனம் இல்லைங்க. பாட்டுதான். அவளைப் பாத்துக்கிட்டே பாடுனேன். சரணம் முடிஞ்சதும் போயிட்டா.

நேத்து தேர் கெளம்புறதுக்கு முன்னாடி படுதாவுக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். கட்டையில ஒரு ஆணி இருந்துச்சு. புது ஆணி, அவளே அடிச்சிருக்கா. அதுல வெளக்க மாட்டிட்டுத்தான் சேலை மாத்தியிருக்கா. வெளிச்சத்துல ஒரு வித்தியாசமும் தெரியல மேடம். முன்னாடி நின்ன எனக்கே தெரியல.

பேப்பரக் கிழிக்காதீங்க. கடைசியாப் பார்த்த நேரம்னு ஒரு கட்டம் காலியா இருக்கே, அதை நிரப்பிடுங்க. கெணறுன்னு எழுதாதீங்க. சனிக்கிழமை, எட்டு எட்டரை இருக்கும், கல்யாணப் பாட்டு, ரெண்டாவது சரணம். யாரு பாத்ததுன்னு கேட்டிருந்தா, புருசன்னு போடுங்க.