ரெண்டு பேர் துணி

அந்த நாற்காலி வேணாம் எலென், இதுல உக்காரு. அது ஈரம். காலையில அதுமேல துணி போட்டிருந்தேன், பிரம்பு தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்கு. ஆமா, ஊட்டுக்குள்ளதான் காயப்போடுறேன். மொட்டைமாடி இருக்குதான். மழை வந்துருமேன்னுதான். மார்ச்சு மாசமா? ஆமாமா, மார்ச்சுல சைகோன்ல மழை வராதுதான். வந்துட்டா என்ன பண்றதுன்னு கேக்குறேன்.

சரி, உன் காயிதத்தை எடு. தேத்தண்ணி போட்டாச்சு, சீனி கொஞ்சம் கம்மி. போன வாரம் அந்த மஞ்சப் பெட்டித் தூளைக் கொடுத்துட்டு, ஒரு வாரம் தொவைச்சுப் பாருங்க, வந்து கேப்பேன்னு சொன்னியா, அன்னைலேருந்து நான் வேற சவுக்காரம் வாங்கல. உங்க கம்பெனி என்னென்ன கேக்கச் சொல்லுச்சோ எல்லாத்தையும் கேளு, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கீழ கடையில அவுஹ இருக்காஹ. ஈ ஓட்டிக்கிட்டு இருக்காஹ. அமெரிக்காக்காரன் ஊருக்குக் கெளம்புனதுலேருந்து எவன் வந்து பட்டு வாங்குறான்.

பேரு மறுபடியுமா? போன வாரம்தான எழுதுன. ரஹ்மத் நிஷா. பக்கீர் மைதீன் ஊடு. டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால, கீழ துணிக்கடை, மேல ஊடு. வயசு நாப்பத்தெட்டு. போன வாரம் நாப்பத்தஞ்சுன்னா சொன்னேன்? அப்ப அதையே வச்சுக்க. ஒரே வாரத்துல மூணு வயசு கூடிருச்சுன்னா பழி அந்தத் தூளு மேலல்ல வந்துரும்.

ஊட்டுல எத்தனை பேரா? ரெண்டு. நானும் அவுஹளும். மவ நஸீம் பானுவைக் கட்டிக்கொடுத்து காரைக்கால்ல இருக்கா. மவன் குத்புதீன் பட்டாளத்துல. பட்டாளத்துல இல்லைன்னு பட்டாளமே சொல்லுது, அது வேற. பின் யுவோங் முகாம்லேருந்து தெட் புதுவருசப் பண்டிகைக்கு லீவு கொடுத்தாங்களாம், பய திரும்பிப் போவலையாம். மூணு வாரமாத் தேடுறாங்க. ஆப்புட்டா செறையில வைக்க மாட்டாங்களாம், சண்டை நடக்குற எடத்துல முன்னால உட்டுக் குண்டுப் பொட்டி செமக்க வைப்பாங்களாம். அதுல போனவன் திரும்பி வந்ததா யாரும் சொல்லிக் கேக்கல. நீ ரெண்டுன்னு எழுது.

எந்த நாட்டுப் பிரஜையா? இதெல்லாமா ஒரு சோப்புத்தூளுக்குக் கேப்பாங்க. வியட்நாமுன்னு எழுது. பாக்க அப்படி இல்லைதான், காயிதத்துல அப்படித்தான். அம்பத்தாறுல ஒரு சட்டம் கொண்டாந்தாங்கல்ல, வெளிநாட்டான் துணிக்கடை வைக்கப்படாதுன்னு. உங்க அப்பாவுக்கு அந்தக் கவலை இல்ல, சுங்க ஆபீசு உத்தியோகம், பிரெஞ்சுக் காயிதத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. உங்க அம்மா இந்த ஊர்க்காரி, ஆனா உன் தம்பிய ஒருத்தன் பட்டாளத்துக்குக் கூப்புடல பாரு, மர்சேய்ல சொகமா இருக்கான். இங்க நானும் காரைக்காலு, அவுஹளும் காரைக்காலு. கடை போயிரும்னு அவுஹ காயிதத்தை மாத்திக்கிட்டாஹ. அஞ்சு வயசுப் புள்ளையையும் சேத்து எழுதிட்டா அவன் காலத்துலயும் கடை நிக்கும்னாஹ. அவுஹ சட்டைப் பையிலேருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்தான். பேரையும் இந்த ஊர்ப் பேரா மாத்தணும்னு குமாஸ்தா சொன்னான், சொன்னதோட அவனே ஒரு பேரையும் எழுதுனான். குத்புதீன் நுயென் வான் ஃபூ ஆயிட்டான். ஊட்டுக்கு வந்து எல்லாரும் ஒரு தரம் சொல்லிப் பாத்தோம், சிரிச்சோம், மறந்துட்டோம்.

கடை நின்னுச்சு. பதினஞ்சு வருசம் கழிச்சு நுயென் வான் ஃபூவுக்குப் பட்டாளத்துலேருந்து ஒரு கடிதாசி வந்துச்சு. அவுஹ கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, அப்படி யாரும் இங்க இல்லப்பா, அடுத்த தெருவுல கேளுன்னு தபால்காரனைத் திருப்பி அனுப்பிட்டாஹ. ரெண்டாவது தடவையும் வந்துச்சு. நான்தான் இருந்தேன். நானும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை போலீசு கொண்டாந்துச்சு. கடிதாசியையும் கொடுத்து, கையோட ஆளையும் கூட்டிட்டுப் போனாங்க.

உனக்கு நேரம் ஆவுது, துணிக்கு வா. எப்படி ஊற வச்சேனா? பெட்டியில படம் போட்டிருந்துச்சே, அதேமாதிரிதான். ஒரு வாளி தண்ணி, ரெண்டு கரண்டி தூளு, அரை மணி நேரம். கசக்கப்படாது, அடிக்கப்படாதுன்னு சொன்ன பாரு, அதுதான் கஷ்டமாப் போச்சு. முப்பது வருசமா அடிச்சுப் பழகுன கை. வாளிக்குப் பக்கத்துல சும்மா குந்திக்கிட்டு, துணி தானா வெளுக்குமான்னு பாத்துக்கிட்டு இருந்தா, ஏதோ வேலைக்காரிய வச்சுட்டு அவளை நம்பாமக் காவல் இருக்குற மாதிரி இருக்கு.

ஒரே துணியில பாதிக்குப் பழைய சவுக்காரம், பாதிக்குப் புதுத் தூளு போட்டுப் பாக்கச் சொன்னல்ல. ஊட்டுல மிச்சம் கெடந்த கட்டிய வச்சு அதையும் செஞ்சேன். கைக்குக் கெடச்சது அவுஹ ஜிப்பா. வலது பக்கம் தூளு, இடது பக்கம் சவுக்காரம். நீலம் போடல, நீ போடக்கூடாதுன்னுட்ட. காஞ்சதும் பாத்தேன், ஊட்டு வெளிச்சத்துல எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல, மடிச்சு வச்சுட்டேன். வெள்ளிக்கெழமை ஜும்மாவுக்கு அதைப் போட்டுட்டுப் போயிட்டாஹ. பள்ளியில சன்னல் வெயிலு முதுகுல அடிக்கவும், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ரெண்டு வெள்ளை. பின் வரிசைக்காரங்க முச்சூடும் அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. வெளிய வந்ததும் ஒருத்தர் கேட்டாராம், பாய், இதுல எந்தப் பக்கம் மறுமைக்குன்னு. ஊட்டுக்கு வந்தவுஹ என்னை ஏசல. ஜிப்பாவைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, இடது பக்கத்தையும் தூள்லயே போட்டுருன்னாஹ. அதை நல்ல அபிப்பிராயம்னு எழுதிக்க.

கையா? எரியல. ரெண்டு நாளைக்கு விரல் நுனி காஞ்ச மாதிரி இருந்துச்சு, தேங்கா எண்ணெய் தடவுனேன். அதை எழுத வேணாம், உனக்கு எதுக்கு உங்க கம்பெனி மதாம் கிட்ட ஏச்சு.

கறை. சொல்றேன். வெத்தலைச் சாறு போயிருச்சு. நுவோக் மாம் கொட்டுன பாவாடை ஒண்ணு இருந்துச்சு, அந்த மீன் சாறு போச்சு, வாடை ரெண்டாந் தொவையல்ல போச்சு. மஞ்சள் போவல, ஆனா மஞ்சள் எதுக்குமே போவாது, அதுக்கு உங்க கம்பெனி என்ன செய்யும். தலையணை உறையில எண்ணெய்ப் பிசுக்கு, அதான் எனக்கே அதிசயமாப் போச்சு. தலைக்குப் போடுற கிரீமும் எண்ணெயுமா அப்பிக் கெடந்தது, ஒரே ஊறல்ல சுத்தமாப் போச்சு. எதுக்குச் சிரிக்கிற? கடை வழியாத்தான வந்த, அவுஹ தலையைப் பாத்திருப்ப. வழுக்கைன்னா எண்ணெய் தடவக் கூடாதா? அவுஹளுக்கு இன்னும் நம்பிக்கை விடல.

வாசனையா. அதுக்கு முழு மார்க்கு போடு. சன்னலை எல்லாம் சாத்திட்டு, வெயிலே படாம, விசிறிக்கடியில துணி காஞ்சா எப்படி நாறும்? போன மாசம் சவுக்காரத்துல தொவைச்சுப் போட்டப்ப ஊடே நனைஞ்ச கோழி மாதிரி நாறுச்சு. இப்ப மோந்து பாரு. ஏதோ பூவு. என்ன பூவுன்னு தெரியல, இருந்தாலும் பூவு. வெயில் இல்லாம காஞ்சாலும் ஈர வாடை இல்லைன்னு பெரிசா எழுது. இது யாருக்கு உபயோகப்படும்னு கேக்காத, எத்தனையோ பேருக்கு உபயோகப்படும்.

நீ விட மாட்ட. சரி, மழை இல்ல. எதிர் மாடி சேஷாசலம் ஐயாவுக்காகத்தான் உள்ள போடுறேன். கப்பல் ஆபீசுல வேலை பாத்து ஓய்ஞ்சவரு. அங்க கப்பல்ல எறங்குற மூட்டையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, இங்க சாய்வு நாற்காலிய மாடியில போட்டுக்கிட்டு, யாரு ஊட்டுக் கொடியில என்ன காயுதுன்னு பாத்துக்கிட்டு இருக்காரு. தெட் கழிஞ்சு பத்து நாள் இருக்கும், அங்கேருந்து கூவிக் கேக்குறாரு, என்ன ரஹ்மத்தம்மா, பாய் எளைச்சுட்டாரா, கால்சட்டை இடுப்பு இத்துனூண்டு காயுதேன்னு. நல்ல மனுசன், மனசுல ஒண்ணும் கெடையாது. ஆனா அவர் மெதுவாப் பேசுனாலே மூணு தெருவுக்குக் கேக்கும். அதுவுமில்லாம இவுஹ கைலி தவிர வேற கட்டி நான் பாத்ததில்ல. பழைய கால்சட்டை ஐயா, விக்கிறதுக்குத் தொவைச்சேன்னு சொன்னேன். அன்னைலேருந்து மாடிக் கொடியில ரெண்டு பேர் துணி மட்டும்தான். மிச்சத்தை உள்ள. மிச்சம்னா, விக்கிறதுக்கு உள்ளது.

படமா? உங்க மதாம் படம் புடிக்கணுங்குறாளா. கொடியில துணியோட, கையில மஞ்சப் பெட்டியோட நான் நிக்கணுமா. வேணாம்மா. பத்திரிகையில போடுவீங்க, பாக்குறவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டான், கொடியில என்ன தொங்குதுன்னுதான் பாப்பான். அவுஹளை வேணா புடிச்சுக்க. அந்த ஜிப்பாவைப் போட்டு, முதுகுப் பக்கமா.

அடுத்து என்ன, போவாத கறை. ஒண்ணு இருக்கு. பச்சை. இலைச் சாறு இல்ல, சாயப் பச்சை. ஒரு பழைய திரை, வெளுத்துட்டா வேற எதுக்காச்சும் ஆவுமேன்னு ஊறப் போட்டேன். நாலு தடவை. தண்ணி பச்சையாச்சு, வாளி பச்சையாச்சு, என் நெகம் பச்சையாச்சு, துணி மட்டும் அப்படியே இருக்கு. கொதிக்க வச்ச தண்ணியிலயும் போட்டுட்டேன். பித்தானைப் புடுங்கிட்டு, பைய எல்லாம் பிரிச்சுட்டு. ஆமா, திரைக்குப் பித்தான் கெடையாதுதான். இது பழைய காலத்துத் திரை.

எத்தனை நாளைக்கு வந்துச்சா. பெட்டியில ரெண்டு பேருக்குப் பத்து நாளுன்னு போட்டிருந்துச்சு. எனக்கு ஆறு நாள்ல காலி. என்ன, பென்சிலைக் கீழ வச்சுட்ட.

இரு, அந்தக் கதவைச் சாத்திட்டு வரேன்.

போன வாரம் நீ இதே எடத்துல உக்காந்திருந்தப்ப சேஷாசலம் ஐயா பேப்பர் எரவலு கேட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரே, ஞாவகம் இருக்கா. சரியா அப்பப் பாத்து மேல பரண்லேருந்து ஒரு இருமல். நீ சட்டுன்னு வாயைப் பொத்திக்கிட்டு இரும ஆரம்பிச்ச. தூளு தொண்டையில போயிருச்சு ஐயான்ன. அவர் படி எறங்குற வரைக்கும் இருமுன. பெட்டியை நாம அப்ப இன்னும் பிரிக்கவே இல்ல எலென். அவர் போனதும் அதை வச்சுட்டுப் போயிட்ட.

நேத்து பட்டாளப் போலீசு ரெண்டு பேர் வந்தானுங்க. மாடிக்குப் போயி கொடியைப் பாத்தானுங்க, ரெண்டு பேர் துணி. அடுப்படியில தட்டைப் பாத்தானுங்க. அதுல ஒருத்தன் மூக்கை நீட்டி நீட்டி மோந்துக்கிட்டே சொல்றான், போன வாரம் ஒரு ஊட்டுல ஈரத்துணி நாத்தத்தை வச்சுத்தான் ஒருத்தனைப் புடிச்சோம்னு. இந்தப் பரணுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டுச் சொல்றான். அவனுக்கு அடிச்சதெல்லாம் உங்க கம்பெனிப் பூவு வாசந்தான். இது என்ன சோப்புன்னு கேட்டான், அவன் பொஞ்சாதிக்காம். பெட்டியைக் காட்டுனேன். இதையெல்லாம் உன் காயிதத்துல எழுத எடம் இருக்காது, தெரியும்.

அந்தப் பச்சையா? பட்டாளச் சட்டையைக் குப்பையில போட முடியுமா, எரிச்சா பொகையே காட்டிக் கொடுத்துரும். வெட்டி, நாலா மடிச்சு, ஓரம் தைச்சு வாசல்ல போட்டுட்டேன். படியேறி வந்ததும் காலைத் தொடைச்சியே, அதுதான். நேத்து வந்தவனுங்களும் அதுலதான் பூட்ஸைத் தொடைச்சுட்டு உள்ள வந்தானுங்க. தரையெல்லாம் அழுக்காவுது, தொடைச்சுட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்.

பென்சிலை எடு. எல்லாத்துக்கும் நல்ல மார்க்காப் போடு. ரெண்டுன்னு எழுதுனது அப்படியே இருக்கட்டும், அதை அழிக்காத. தேத்தண்ணியைக் குடி, ஆறிப் போவுது. பையில இன்னும் எத்தனை பெட்டி வச்சிருக்க? ரெண்டு கொடுத்துட்டுப் போ. மூணு பேர் துணிக்கு ஒண்ணு பத்தல.