தலை வராத கரடி

பகலவன் எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். காசுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அது உண்மையில்லை. அந்தக் காசை அவன் நீட்டினான், நான்தான் வாங்கவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

நான் சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்வதாக ஏட்டு நாராயணசாமி ஐயா சொன்னார். வேண்டாம் என்றேன். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கற்றதை இந்த மாதிரி நேரத்தில் எடுக்காமல் வேறு எப்போது எடுப்பது? என் கை மெதுவாகத்தான் போகும், ஐயா கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் தங்கதுரை. ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறேன். குடிப் பழக்கம் இல்லை, சீட்டு இல்லை, சினிமா கூட இல்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் பச்சை குத்திக்கொள்வேன், அவ்வளவுதான். சங்கராபுரம் சந்தையில் குத்திய தேள், திருநாவலூர் திருவிழாவில் குத்திய வேல், அதற்கு மேல் மயில், பாம்பு, கப்பல் என்று உடம்பில் இடம் கம்மியாகிவிட்டது. கப்பலை நான் நேரில் பார்த்ததில்லை. குத்தியவனும் பார்த்ததில்லை என்று கப்பலைப் பார்த்தாலே தெரியும்.

யாரிடம் குத்திக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்யாணமான புதிதில் இடது கையில் என் மனைவி பெயரைக் குத்தச் சொல்லி ஒருவரிடம் உட்கார்ந்தேன். கொளஞ்சியம்மாள் என்று தெளிவாகத்தான் சொன்னேன். எனக்கும் எழுத்துத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதை அவர் சொல்லவில்லை. எதிரே இருந்த போர்டைப் பார்த்துப் பார்த்து அழகாகக் குத்திவிட்டார். கமிட்டியில் அதற்குப் பிறகு எல்லோரும் என்னை 'மண்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மண்டிகளில் மூட்டை இறக்குவதால் கூப்பிடுகிறார்கள் என்று இருந்தேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு, சொந்தமாக முதலில் வாசித்தது என் இடது கையைத்தான். 'வெல்ல மண்டி' என்று இருந்தது. கொளஞ்சி இன்றைக்கும் விசேஷ வீடுகளில் என் கையைப் பிடித்துத் திருப்பி, "எம்பேருதாங்க" என்று காட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தாளை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கண் மூடி யாரிடமும் உட்கார்ந்ததில்லை. பச்சை குத்திக்கொள்ள நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஐயாவும் கேட்டு வைக்கலாம். போனில் காட்டுகிற படத்தை நம்பக் கூடாது. அது குத்திய அன்றைக்கே எடுத்தது, பெண் பார்க்க வரும்போது சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி இருக்கும். ஆறின தோலைப் பார்க்க வேண்டும். ஊசியின் உறையை நம் கண் எதிரில் பிரிக்க வேண்டும். குத்தும்போது போன் வந்தால் எடுக்கிறவனிடம் போகவே கூடாது. ஒரு படத்தை ஒரு கை ஆரம்பித்தால் அந்தக் கைதான் முடிக்க வேண்டும், நடுவில் கை மாறினால் படம் இரண்டு ஆட்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, தன் உடம்பில் ஒரு புள்ளி பச்சை கூட இல்லாதவனிடம் உட்காரக் கூடாது. தான் வாயில் வைக்காததை நமக்குப் பரிமாறுகிற ஓட்டல்காரன் அவன்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் பகலவனுக்காக இறங்கி வந்தேன்.

பகலவன் சின்ன வயசுக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் டாட்டூ கடை வைத்திருந்தான். அவன் குத்திய ஒரு கொக்கை டீக்கடையில் ஒருவர் தோளில் பார்த்தேன். டீ ஆறிப்போகிற வரைக்கும் பார்த்தேன். அந்தக் கொக்கு தண்ணீரில் நிற்கிறது என்று தெரிந்தது, ஆனால் தண்ணீர் என்று ஒரு கோடு கூட அவன் போடவில்லை. அன்றைக்கே மாடி ஏறினேன்.

"இன்னா தம்பி, ஊர் உடம்பெல்லாம் குத்தற, உன் கை மட்டும் ஒண்ணுமில்லாம கெடக்குது?"

"நான் யூனிஃபார்ம் வேலைக்குப் போறவண்ணே. சல்யூட் அடிக்கிற கையில பச்ச இருந்தா மெடிக்கல்ல தூக்கிப் போட்ருவாங்க. எதுக்கு வம்புன்னு எங்கியுமே போட்டுக்கல."

எழுத்துதான் எனக்குத் தாமதம். காதில் விழுந்தது மறப்பதில்லை.

முதுகு முழுக்க ஒரே படம் கேட்டேன். தோளுக்குக் குறுக்கே கல்வராயன் மலை. நடு முதுகில் அருவி இறங்க வேண்டும். அருவிக்குப் பக்கத்தில் ஒரு கரடி இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுதான் முகம். எதிரில் வருகிறவனை விடப் பின்னால் வருகிறவன்தான் எங்களை அதிகம் பார்க்கிறான். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தேன். கமிட்டி லீவு நாளில் போய்க் குப்புறப் படுப்பேன். மலை வந்தது. அருவி வந்தது, குளிர்ந்தே போனது முதுகு. கரடியின் உடம்பும் வந்தது.

தலைக்கு முன்னால், "அண்ணே, தோலு ரொம்ப சூடாயிடுச்சி. ஒரு பத்து நாளு மூட்ட தூக்காதீங்க, அப்புறம் தலைய வச்சிக்கலாம்" என்றான். நான் மறுநாளே தூக்கினேன். மக்காச்சோள சீசன். தூக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் சோறு யார் போடுவது? முதுகு புண்ணாகிச் சீழ் வைத்தது. ஆறுகிற வரைக்கும் ஊசி வைக்க முடியாது என்றுவிட்டான். இதில் என் தப்பு என்று எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்படியாகக் கரடி தலையில்லாமல் நின்றது. தலையில்லாத கரடியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வயிறு புடைத்து, மேலே கழுத்து குறுகி, கட்டி வைத்த கோணி மாதிரியே இருக்கும். என்னோடு தூக்குகிற வெற்றிவேல்தான் ஆரம்பித்தான்.

"மண்டிண்ணே, லோடு எறக்கியாச்சி. உன் முதுகுல ஒண்ண மறந்துட்டியே."

"அது கரடிடா."

"தல எங்க?"

"வரும்."

"மூட்டைக்கு எங்கயாச்சும் தல வருமாண்ணே? சரி, சிப்பம் எத்தினி கிலோ?"

கமிட்டியே சிரித்தது. எடை போடுகிறவர் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் கொளஞ்சி, "திரும்பிப் படுய்யா, மூட்ட பக்கத்துல படுத்துக்கினு இருக்கற மாதிரி இருக்குது" என்கிறாள். பகலெல்லாம் மூட்டை தூக்கி, இறக்கி வைத்த பிறகும் ஒரு மூட்டை முதுகிலேயே இருந்தால் அந்த மனிதன் எப்போதுதான் இளைப்பாறுவது?

புண் ஆறி நான் மாடி ஏறினபோது பகலவன் கடையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான். பரீட்சை பாஸாகிவிட்டதாம். ஓட்டம், தாண்டல் எல்லாம் முடிந்ததாம்.

"மெடிக்கல் மட்டுந்தாண்ணே பாக்கி. திங்கக்கெழம போறன். அம்மா தெருவுக்கே கேசரி குடுத்துட்டாங்க. இந்தாங்க, உங்க மீதிப் பணம்."

"எனக்குப் பணம் வேணாம் தம்பி. தல வேணும்."

"மிஷின வித்துட்டண்ணே. சேலத்துல நல்ல ஆளுங்க இருக்காங்க, போட்டுக்கோங்க. இல்லன்னா நான் லீவுல வர்றப்ப போட்டுத் தரேன்."

"லீவு எப்போ?"

"ஒரு வருஷம் ஆவுமுங்கண்ணே."

ஒரு வருஷம். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கெட்ட பையன் இல்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மறுநாள் கூலியை விட்டுவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலையில் சேங்கொட்டை கிடைக்கும். அந்தக் கொட்டையின் பாலைத் தொட்டு, வெளுக்கப் போடுகிற துணியில் குறி வைப்பார்கள். எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் கறை போகாது. தோலில் பட்டால் தொடும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் கொப்புளம் போட்டுக் கறுக்கும். கொடுத்த அம்மா, "துணிக்குக் குறி போடவாப்பா?" என்று கேட்டார். குறி போடத்தான் என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

என் கணக்கு சுலபமானது. சல்யூட் அடிக்கிற கையில் ஒரு சின்ன அடையாளம் இருந்தால் மெடிக்கலில் திருப்பி அனுப்புவார்கள். ஊருக்கு வருவான். மிஷினைத் திருப்பி வாங்குவான். கரடிக்குத் தலை வரும். தன் உடம்பில் பச்சை இல்லாதவன் என்ற அந்த ஒரு குறையும் அவனுக்குத் தீரும். வேலை போகும்தான். ஆனால் அப்படிக் கொக்கு போடத் தெரிந்தவன் வெயிலில் நின்று சல்யூட் அடிப்பது எந்த விதத்தில் நியாயம்? இதை யாராவது அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணியோடு அவன் கடை மாடிக்குப் போனேன், வழியனுப்புகிற விருந்து என்று. காலையில் ஓடிவிட்டு வந்தவன், வயிறு நிறைய தின்றுவிட்டு, இன்னும் விற்காமல் கிடந்த, நான் இத்தனை நாள் படுத்த அதே பெஞ்சில் படுத்துத் தூங்கினான். வலது கை கீழே தொங்கியது. கொட்டைப் பால் பட்டுவிடாமல் இருக்க என் கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டேன். கொட்டையைச் சூடு காட்டிக் குத்தினேன், பால் வந்தது. துடைப்பக் குச்சியால் தொட்டு அவன் முன்னங்கையில் வரைந்தேன். என்ன வரைவது என்று முன்னால் யோசித்துக்கொண்டு போகவில்லை. கை தானாகவே கரடித் தலையைத்தான் போட்டது. இரண்டு காது, மூக்கு, கண். அவன் ஒரு முறை கொசு என்று நினைத்து அசைந்தான், அதில் இடது காது சாய்ந்துவிட்டது. மற்றபடி முதல் முறை வரைகிறவனுக்கு மோசமில்லை.

அவனுக்கு அவ்வளவு தூரம் ஒத்துக்கொள்ளாது என்று எனக்கு எப்படித் தெரியும்? காலையில் அரித்ததாம். சென்னை பஸ் ஏறப் போனவனை பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, நீர் கோத்து, காய்ச்சல். மெடிக்கல் தேதி அதன் பாட்டுக்குப் போய்விட்டது. நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி எல்லாம் என் காசு. அவன் அம்மா ராஜாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவங்க கூட இப்பிடி வந்து பாக்கல தம்பி" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

"விரலு மடங்குதா பகலவா?" என்று கேட்பேன். மடங்காது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சல்யூட் அடிக்கிற கையும் ஊசி பிடிக்கிற கையும் ஒரே கை. கமிட்டியில் தினமும் சிப்பம் எண்ணுகிறவன் நான், இந்த இரண்டை ஒன்றாக எண்ணத் தவறிவிட்டேன்.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். வீக்கம் வடிந்து, தோல் உரிந்து, கறுப்பாக ஒரு தழும்பு. ராஜாம்பாள் குனிந்து பார்த்தார்.

"இன்னாடா இது, உருளக்கெழங்காட்டம்?"

நர்ஸம்மா, "இல்லம்மா, பலாக்கொட்ட மாதிரி இருக்கு. ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கு" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டை என்றார். நான் எவ்வளவோ பொறுத்தேன், ஐயா. ஒரு மனிதன் தன் கையால் செய்ததை அவன் எதிரிலேயே மூன்று பேர் மாங்கொட்டை, பலாக்கொட்டை என்றால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பது?

"இந்தக் காது கொஞ்சம் சாஞ்சிடுச்சி, அதான் அப்பிடித் தெரியுது" என்றேன்.

காது என்று அதுவரைக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. பகலவன் தன் கையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது கரடியாண்ணே?"

ஆமாம் என்றேன். அவன் ஒருவனுக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. கலைஞன் கலைஞன்தான்.

ராஜாம்பாள் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத்தான் எடுத்து அடித்தார். நெற்றியில் இருக்கிற காயம் அதுதான். அதற்காக நான் புகார் கொடுக்கப் போவதில்லை.

விரல் பழையபடி வர மாதக்கணக்காகும், வந்தாலும் நடுக்கம் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கரடிக்கு இனி தலை வராது. உள்ளே என்னை எவ்வளவு நாள் வைத்தாலும் அங்கேயும் அது முதுகில் மூட்டையாகத்தான் கூட வரும். இதில் அதிகம் நஷ்டப்பட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லிக்காட்டப் போவதில்லை. ஏட்டு ஐயாவின் இடது கையில் பச்சை குத்தியிருக்கிற நங்கூரத்தைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை. குத்தியவன் நடுவில் போன் எடுத்திருக்கிறான், அவ்வளவு மட்டும் தெரிகிறது.

இவ்வளவும் என் கையால் செய்தது, என் கையால் எழுதியது. சேங்கொட்டை வாங்கியது நான், தூங்குகிறவன் கையில் வைத்தது நான். வேறு யாருக்கும் சம்பந்தமில்லை.

இன்று காலை ராஜாம்பாள் ஸ்டேஷனுக்கு வந்து, ஆறாயிரத்து ஐந்நூறையும் மேஜையில் வைத்து, "இவன் காசு எங்க வூட்ல இருக்கக் கூடாது" என்றார். நான் அதைத் தொடவில்லை. தள்ளுபடி என்று சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். கை முடங்கிக் கிடக்கிற ஒரு பையனிடம் பாக்கியைக் கேட்கிற அளவுக்கு நான் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை.